நானூற்றுப் பதினேழின் பொட்டலம்

பூ ஆபீஸில் யாரும் பூவை முகர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தாலும் பாச்சை உருண்டையின் நெடிதான் மூக்கில் ஏறும். மலையடிவாரத்து ஊரின் கடைசித் தெருவில், தபால் நிலையத்துக்கும் மரக்கடைக்கும் நடுவே நின்ற அந்த இரண்டு மாடிக் கட்டடத்தின் வாசலில் நீளமாக ஒரு பெயர்ப்பலகை தொங்கியது. அதை முழுசாகப் படித்தவர்கள் ஊரில் நாலு பேர் இருந்தால் அதிகம். மலையில் பறித்த செடிகளைக் காயவைத்து, தாளில் ஒட்டி, இரும்பு அலமாரிகளில் அடுக்கி வைக்கிற இடம் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதனால் பூ ஆபீஸ்.

அங்கே முப்பத்தோராயிரம் தாள்கள் இருந்தன. அதில் பதினோராயிரத்துச் சொச்சம் பசையக்கா ஒட்டியவை. பசையக்கா என்பது ஆபீஸ் வைத்த பெயர். இருபது வருஷமாக வடக்கு ஜன்னலோரம் ஒரே மேஜை, ஒரே நாற்காலி, கிண்ணத்தில் பசை, இரண்டு தூரிகை, ஒரு இடுக்கி, ஊசி நூல். பார்க்கிறவர்களுக்கு ஒட்டுகிற வேலை, அவ்வளவுதான். அவளைக் கேட்டால் தெரியும். காய்ந்த செடியைத் தாளில் கிடத்தும்போது ஒரு இலையாவது குப்புறக் கிடக்க வேண்டும், அடிப்பக்கத்து நரம்பு தெரிவதற்காக. ஒரு பூ நிமிர்ந்தும் ஒரு பூ பக்கவாட்டிலும் இருக்க வேண்டும். வேரில் உள்ள மண்ணைத் தூரிகையால் தட்டலாம், கழுவக் கூடாது. தண்டு தடிமனாக இருந்தால் பசை தாங்காது, நூலால் இரண்டு இடத்தில் தைத்துவிட வேண்டும். தாளின் வலது கீழ்மூலை சீட்டுக்கு. எந்த மலை, எந்த இடம், எவ்வளவு உயரம், எந்தத் தேதி, பறித்தவர் யார், இன்ன செடி என்று சொன்னவர் யார், எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். இடது மேல்மூலை பொட்டலத்துக்கு. செடியிலிருந்து தானாக உதிர்ந்த இதழ், விதை, எதையும் தூரப் போடக் கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம். உதிர்ந்ததைச் சின்னக் காகிதப் பொட்டலமாக மடித்து, மேலே எண் எழுதி, அதே தாளில் ஒட்டிவிடுவார்கள்.

ஒட்டியவர் பெயருக்குச் சீட்டில் இடம் கிடையாது. அதில் அவளுக்கு வருத்தம் இல்லை என்றுதான் சொல்லி வந்தாள். சமைத்தவள் பெயரைத் தட்டில் எழுதுகிறோமா என்பாள். ஆனால் எந்த அலமாரியை எப்போது திறந்தாலும் இது என் கை, இது என் கை இல்லை என்று எட்ட நின்றே பிரித்துவிடுவாள். ஆள் இல்லாத நேரத்தில் அப்படித் திறந்து பார்ப்பதும் உண்டு. இருபது வருஷத்தில் அவள் மேஜையிலிருந்து போன தாள் ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. இதை அவளாக யாரிடமும் சொன்னதில்லை. ஆபீஸ் பொறுப்பாளர் சொல்லும்போது மறுத்ததும் இல்லை.

அவள் புருஷன் அதே ஆபீஸுக்குச் செடி பறித்துக் கொடுத்தவர். முப்பது வருஷம் மலை ஏறியவர். பறித்த செடிக்கெல்லாம் ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண் போட்டுக்கொண்டே போனதாலும், பேச்சிலும் பெயரைவிட எண்ணே அதிகம் வந்ததாலும் அவருக்கு நம்பர் என்று பெயர். 'அறுநூத்தி ரெண்டு பூத்திருக்கும் இப்போ' என்பார் மழையைப் பார்த்துக்கொண்டு. மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது எண். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் முழங்கால் மடங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. அதன்பின் மலை அவருக்கு ஜன்னலில் தெரிகிற மலை.

அந்த ஆயிரத்து நூற்று நாற்பதுக்கும் ஆபத்து வந்தது ஒரு லென்ஸால்.

மலையின் பூக்கள் எல்லாவற்றையும் ஒரே புத்தகமாக எழுதுவதற்காகத் தலைநகரிலிருந்து ஒரு ஆய்வாளர் வந்து மூன்று வாரமாக மாடியில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சன்னமான குரல், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் லென்ஸ். தேநீரை ஆறவைத்துத்தான் குடிப்பாள், மறந்துபோவதால். அந்தப் புத்தகத்தில் ஏறினால்தான் ஒரு பூ அந்த மலையில் இருக்கிறது என்று உலகம் ஒத்துக்கொள்ளும். அவள் ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டே வந்து, நம்பரின் நானூற்றுப் பதினேழில் நின்றுவிட்டாள்.

தாளில் இருந்தது ஒரு நீலப்பூ, விரல் நீளச் செடி. பாறையில் வருஷம் முழுக்கத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் மட்டுமே பிழைக்கிற ஜாதி. அந்த மலையில் அதை வேறு யாரும் பார்த்ததாகப் பதிவே இல்லை. சீட்டில் எழுதியிருந்ததோ, தெற்குச் சரிவு, காய்ந்த புல்வெளி. தண்ணீரிலிருந்து எடுத்த மீன் மொட்டைமாடியில் நீந்தியது என்று எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி.

அவளுக்கு முன்னொரு அனுபவம் இருந்தது. வேறொரு மலையில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்தபடியே இடம், உயரம் எல்லாம் எழுதித் தள்ளியிருக்கிறார். அதை நம்பி எழுதி அவள் அவமானப்பட்டிருக்கிறாள். அதனால் அவள் வழி கறாரானது. ஒரு சீட்டில் பொய் என்றால் அந்த ஆளின் எல்லாச் சீட்டும் சந்தேகம். நம்பரை ஆபீஸுக்கு வரவழைத்து, மரியாதையாகவே, தாளை முன்னால் வைத்துக் கேட்டாள். நம்பர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பேடு இருக்கிறதா என்று கேட்டதற்குக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் எண், இடம், உயரம், தேதி, இந்த நான்குதான். என்ன பூ, என்ன நிறம் என்று அவர் எழுதுகிற வழக்கமே இல்லை. அதுதான் செடியே இருக்கிறதே என்பது அவர் கணக்கு.

சனிக்கிழமை காலை ஊருக்குக் கிளம்புகிறேன், வெள்ளி சாயங்காலத்துக்குள் தகுந்த விளக்கம் வராவிட்டால் இவர் சேகரம் மொத்தத்தையும் புத்தகத்தில் சேர்க்க முடியாது என்று ஆய்வாளர் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டாள். அன்று புதன்.

*

வீட்டில் மழைச் சத்தமும் தையல் மிஷின் சத்தமும் போட்டி போட்டன. முன்னறையில் தையல் கடை வைத்திருந்தது நம்பரின் தங்கை. ஆபீஸில் காய்ந்த செடிகள் ஒட்டிய பிறகு ஆடாமல் இருக்க மேலே வைக்கிற மணல் பைகளை அவள்தான் வெட்டுத்துணியில் தைத்துக் கொடுப்பாள். அதனால் மலைப் பூக்கள் பள்ளிச் சீருடைத் துணிக்கும் பூப்போட்ட ஜாக்கெட் துணிக்கும் அடியில் தூங்கின. வாய் மிஷினைவிட வேகம். ஆய்வாளருக்கு லென்ஸம்மா என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

நம்பர் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து செடிகளை அழுத்திவைக்கிற பழைய மரச்சட்டத்தின் தோல்வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். இனி அந்தச் சட்டம் எங்கேயும் போகப் போவதில்லை. இருந்தாலும் தைத்தார். பசையக்கா உருளைக்கிழங்கை வேகவைத்துத் தோல் உரித்தபடி அவரைப் பார்த்தாள். தோல் சூடாக இருந்ததோ கோபம் சூடாக இருந்ததோ, விரலை உதறிக்கொண்டாள்.

முப்பது வருஷம் ஏறின கால் உங்களுது, அந்தம்மா முன்னால ஒரு வார்த்தை பேசக் கூடாதா, தப்பு எங்க நடந்துச்சுன்னு தேடுங்கன்னாவது சொல்லக் கூடாதா என்று கேட்டாள். அவர் ஊசியை வாயில் வைத்திருந்தார். எடுத்துவிட்டு, "இருக்கட்டும் விடு," என்றார்.

"எது இருக்கட்டும்? ஆயிரத்து நூத்தி நாப்பதும் போனா போகட்டுங்கறீங்களா?"

"அலமாரியிலதானே இருக்கு. எங்க போகுது."

மிஷின் நின்றது. தங்கை முன்னறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "அண்ணி, அவரு வாயைத் திறக்கணும்னா பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க, எண் போட்டுக் கூப்பிடுங்க."

பசையக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கை விடுகிறவள் இல்லை. கத்தரிக்கோலோடு எழுந்து வந்து, அந்தக் காலத்தில் தான் இந்த வேலையைப் பார்த்திருந்தால் இப்படி ஒரு பேச்சு வந்தே இருக்காது என்றாள். அவளும் சின்ன வயதில் அண்ணன் கொண்டுவந்த செடிகளுக்குக் காகிதம் மாற்றியவள்தான். அண்ணி வந்ததும் வேலை கைமாறியது. கைமாறிய விதம் அந்த வீட்டில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பேசப்படும்.

"அன்னைக்குப் பந்தயத்துல மூணு மடிப்பு வித்தியாசத்துல என்னை ஜெயிச்ச கையாச்சே, இந்தப் பந்தயத்தையும் ஜெயிச்சுக் காட்டுங்க அண்ணி."

"நாலு மடிப்பு," என்றாள் பசையக்கா, பழக்கதோஷத்தில்.

"மூணு. நான் எண்ணினேன்."

நம்பர் தலையைத் தூக்கவில்லை. தோல்வாரில் ஊசி போகவில்லை போல. நிறுத்தி நிறுத்திக் குத்தினார்.

*

பந்தயம் நடந்தது கல்யாணமான புதிதில், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். வழக்கமாகப் பறித்த செடி அதே செய்தித்தாள் மடிப்புக்குள்தான் காய்கிறவரை இருக்கும். மடிப்புகளுக்கு நடுவே ஈரம் உறிஞ்ச வைக்கிற ஒற்றுத்தாளை மட்டும் தினமும் மாற்றுவார்கள். அந்தத் தடவை நம்பர் மலை இறங்கி வரும்போது மழை செடிக்கட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. செய்தித்தாள்களே ஊறிக் கிழிய ஆரம்பித்தன. எண்பத்தெட்டுச் செடிகளையும் அன்றைக்கே புதுச் செய்தித்தாளுக்கு மாற்றி, பழைய தாளின் மூலையில் உள்ள எண்ணைப் புதுத் தாளின் மூலையில் எழுதியாக வேண்டும். செடியிலேயே எண் கட்டுகிற வழக்கம் அப்போது இங்கே வரவில்லை. மூலையில் உள்ள எண்தான் செடிக்கு உயிர்.

ஆளுக்கு நாற்பத்து நாலு. தங்கைக்கு ஒரு கட்டு, புது அண்ணிக்கு ஒரு கட்டு. அடுப்பில் சோறு பொங்குவதற்குள் யார் முடிக்கிறார்கள் என்று தங்கைதான் ஆரம்பித்தாள். புது அண்ணி முடித்துக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டபோது தங்கையிடம் மூன்று மடிப்பு மிச்சம். அல்லது நாலு. அன்றையிலிருந்து கட்டு அவளுடையதானது. ஆபீஸில் ஒட்டுகிற வேலைக்கு ஆள் தேடியபோது நம்பர் அவள் கையைச் சொன்னதும், வேலை கிடைத்ததும் அதற்குப் பின்னால்.

*

வியாழக்கிழமை காலையில் பசையக்கா பசை காய்ச்சவில்லை. அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டு நானூற்றுப் பதினேழை எடுத்து ஜன்னலோரம் வைத்தாள்.

அவள் எதையும் ஒரு தடவை பார்த்து நம்புகிறவள் இல்லை. வாசல் கதவைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். நீலப்பூ வாடி மை நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு இலை குப்புற, ஒரு பூ பக்கவாட்டில். தன் கைதான். சீட்டைப் படித்தாள். தேதியைப் பார்த்தாள். அந்தத் தேதி அவளுக்குத் தெரிந்த தேதி. கல்யாணமாகி மூன்றாம் மாதம், மழை கட்டுக்குள் புகுந்த பயணம்.

பிறகு இடது மூலையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். எண் நம்பரின் எழுத்தில் இருந்தது, கொம்பு வைத்த ஏழு. மலையிலேயே, பறித்த அன்றே, அவர் மடித்த பொட்டலம். ஒட்டும்போது பொட்டலத்தைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் உள்ளே இருப்பது தும்மலில் பறந்துவிடும். அவளும் திறந்ததில்லை.

மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். இடுக்கியால் மடிப்பைப் பிரித்தாள்.

உள்ளே இருந்தது மஞ்சள் இதழ் இரண்டு, பஞ்சு முளைத்த விதை ஐந்தாறு.

கொஞ்ச நேரம் அவள் மூச்சுவிடவில்லை. விதை பறந்துவிடும் என்பதால்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மடிப்பை மூடினாள். எழுந்து போய் நானூற்றுப் பதினெட்டை எடுத்து வந்தாள். தாளில் மஞ்சள் பூ. சீட்டில், உச்சிப் பாறை, ஓடை தொடங்கும் இடம், நீர் சொட்டும் விரிசல். மஞ்சள் பூ எங்கேயும் முளைக்கிற ஜாதி, அதனால் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. பொட்டலத்தைப் பிரித்தாள். மை நிறத்தில் சுருண்ட மூன்று நீல இதழ்.

மேலே எண் எழுதியிருந்ததால் பொட்டலம் எண்ணோடு போயிருந்தது. செடி மாறிப் போயிருந்தது.

எப்படி என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காகிதம் மாற்றும் வேலையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ஒரு மடிப்பை மூடாமல் அடுத்ததைத் திறக்கக் கூடாது. பந்தயத்தில் அவள் இரண்டிரண்டாகத் திறந்தாள். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. அதனால்தான் ஜெயித்தாள். அந்தச் சூட்சுமத்தை இருபத்திரண்டு வருஷமாக நாத்தனாரிடம் சொல்லாமல் வைத்திருந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டாள். இரண்டிரண்டு என்றால் இருபத்திரண்டு ஜோடி. ஒரு ஜோடி மாறியது என்றால் மிச்சம்?

மத்தியானம்வரை நாற்பத்து நாலு தாள்களையும் ஒவ்வொன்றாக இறக்கினாள். ஒன்றை அலமாரியில் திரும்ப வைத்த பிறகுதான் அடுத்தது. முப்பத்து மூன்றில் பொட்டலம் இருந்தது. முப்பத்தொன்று சரி, இரண்டு தப்பு. பொட்டலமே இல்லாதவை பதினொன்று. எல்லாவற்றையும் எண் போட்டு ஒரு தாளில் எழுதினாள். எழுதிவிட்டு, நம்பிக்கை இல்லாமல், முதலிலிருந்து இன்னொரு சுற்று பார்த்தாள். அதே கணக்கு.

பொறுப்பாளர் அந்தப் பக்கம் வந்தவர் மேஜையில் இருந்த பட்டியலைப் படித்துவிட்டு நின்றார். நல்ல மனுஷன். ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி, அதுவரை எதுவும் உடையக் கூடாது என்பது அவர் கவலை. அவராகவே ஒரு வழி வைத்திருந்தார். பழைய தட்டச்சர் ஒருவர் இருந்தாரே, கண் தெரியாமல் பாதிச் சீட்டில் எழுத்து மாற்றி அடிப்பாரே, ஆள் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. சீட்டு அடிக்கும்போது இரண்டு இடம் மாறிப்போயிற்று என்று எழுதிக் கொடுத்தால் யார் போய்க் கேட்கப் போகிறார்கள்? குடும்பம்கூட இந்த ஊரில் இல்லை.

பசையக்கா பட்டியலை மடித்து வைத்தாள். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டாள்.

*

நம்பர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். மழை விட்டு வெயில் ஈரமாக அடித்தது. அவள் குடையை மடக்கி, அவருக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா தாளைக் காட்டினப்பவே தெரிஞ்சுபோச்சு. அதான் பேசல."

"நீலம் உச்சியில பறிச்சது," என்றார் அவர். "பாறையில வயித்தை வெச்சுப் படுத்துக்கிட்டுத்தான் கைக்கு எட்டுச்சு. அதை மறப்பேனா? நானூத்திப் பதினெட்டு."

"அப்ப சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்? காகிதம் மாத்தினது யாருன்னு வரும்."

அவள் குடைக் கம்பியிலிருந்து சொட்டுகிற தண்ணீரையே பார்த்தாள். இருபது வருஷமா உன் தாள்ல ஒரு தப்பு வந்ததில்லைன்னு அந்த ஆபீஸே சொல்லுது, என் வாயால நான் சொல்லணுமா என்றார் அவர். நான் எங்க நடந்தேன்னு என் காலுக்குத் தெரியும், அது போதும் என்றார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தது கோபம்தான்.

"உங்க காலுக்குத் தெரிஞ்சா போதுமா? தாளுக்குத் தெரிய வேண்டாமா? நாளைக்கு நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன். அந்தத் தாள்தான் இருக்கும். அது பொய் சொல்லிக்கிட்டே இருக்கணுமா?"

அவள் குடையை எடுத்து ஓரமாகச் சாய்த்தாள்.

"என் தப்பை நான் தூக்கிக்கிறேன். அதைச் சுமக்கவும் நீங்கதான் வேணுமா? முப்பது வருஷம் சுமந்தது போதாதா?"

மிஷின் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. நாத்தனார் வாசல் நிலையில் சாய்ந்தபடி, கழுத்தில் அளவுநாடாவோடு நின்றாள். முகத்தில் இருந்தது அதிர்ச்சியா சந்தோஷமா என்று சொல்ல முடியாது.

"ரெண்டு ரெண்டாத் திறந்தீங்களா அண்ணி?"

"ஆமா."

"அப்ப நான்தான் ஜெயிச்சேன்."

"ஆமா."

நாத்தனார் எதிர்பார்த்தது ஒரு சண்டையை. அண்ணி இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் நாடாவைச் சுருட்டினாள், விரித்தாள். பிறகு, உள்ளே போய் மிஷினுக்கு உறை போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். எங்கே என்று கேட்டதற்கு, அன்னைக்கு அந்த அறையில இருந்தது நாம மூணு பேருதான், அண்ணன் பேச மாட்டாரு, நீங்க பாதியில திணறிட்டா மிச்சத்தைச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா என்றாள்.

*

பசையக்கா திணறவில்லை. மாடியில் ஆய்வாளரின் மேஜையில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொட்டலங்களைக் காட்டி, இரண்டு மடிப்பை ஒரே நேரத்தில் திறந்ததைச் சொன்னாள். எழுதி வந்த பட்டியலையும் வைத்தாள்.

"முப்பத்தொண்ணு சரியா இருக்கு மேடம். இந்த ரெண்டு மாறினது என்னால. பொட்டலம் இல்லாத பதினொண்ணுக்கு என்கிட்ட சாட்சி இல்ல. நான் சரின்னு சொல்ல மாட்டேன். நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

பொறுப்பாளர் தொண்டையைச் செருமினார். தட்டச்சரைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார்.

"அவரு பாவம் சார்," என்றாள் பசையக்கா. "அவரு என்ன இருந்துச்சோ அதைத்தான் அடிச்சாரு."

ஆய்வாளர் யாரையும் பார்க்கவில்லை. நானூற்றுப் பதினெட்டின் பொட்டலத்திலிருந்து ஒரு நீல இதழை இடுக்கியால் எடுத்தாள். கீழே இருந்து வெந்நீர் கொண்டுவரச் சொன்னாள். சாஸரில் கொஞ்சம் ஊற்றி, இதழை அதில் விட்டாள். நாலு பேரும் சாஸரைச் சுற்றி நின்றார்கள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு சுருள் மெல்லத் தளர்ந்தது. விளிம்பு ஒன்று அசைந்தது. இருபத்திரண்டு வருஷம் மடிந்து கிடந்த இதழ் தண்ணீரில் தன்னால் மல்லாந்து விரிந்தது. நுனியில் சின்ன வெட்டு ஒன்று தெரிந்தது. ஆய்வாளர் லென்ஸால் அதைப் பார்த்தாள், தாளில் இருந்த பூவைப் பார்த்தாள், மறுபடி சாஸரைப் பார்த்தாள். அப்புறம் மஞ்சளுக்கும் இதே வேலை.

"பூ தாள்லயே தெளிவா இருந்துச்சு," என்றாள் கடைசியில். "பொட்டலத்தைப் பிரிக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. நான் பார்த்திருக்கணும்."

நாத்தனாரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "எங்க அண்ணன் உச்சியில வயித்தை வெச்சுப் படுத்துப் பறிச்ச பூ மேடம் அது."

ஆய்வாளர் முதல் தடவையாகச் சிரித்தாள். உச்சிப் பாறையில் நீர் சொட்டுகிற விரிசல் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, ஊரில் ஆடு மேய்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும் என்றார் பொறுப்பாளர். அந்த மலையில் அந்த நீலப்பூவைப் பறித்த ஒரே ஆள் அவர்தான், புத்தகத்தில் அப்படித்தான் வரும் என்று சொல்லிவிட்டு அவள் பதினொன்றையும் பார்க்க உட்கார்ந்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு நிமிர்ந்தாள். இலையும் மண்ணும் இடமும் எல்லாவற்றிலும் பொருந்துகின்றன என்றாள். ஆயிரத்து நூற்று நாற்பதும் புத்தகத்தில் ஏறும்.

பொறுப்பாளருக்கு உயிர் வந்தது. உடனே சுத்தமாகப் புதுச் சீட்டு இரண்டு அடித்து, பழையதை ஆவி காட்டி உரித்து எடுத்துவிடலாம், தப்பு நடந்த தடமே இருக்காது என்றார். பசையக்காவுக்காகத்தான் சொன்னார். ஆய்வாளர் வாயெடுப்பதற்குள் பசையக்கா தலையை ஆட்டினாள்.

"ஒட்டினதை எடுக்கக் கூடாது சார். தப்பா இருந்தாலும் எடுக்கக் கூடாது. பக்கத்துல ஒட்டணும்."

அதுவும் அந்தத் தொழிலின் சட்டம். ஒரு தாளில் முன்பு யார் என்ன சொன்னார்கள் என்பது அப்படியே இருக்கும். திருத்துகிறவர் தன் சீட்டைப் பக்கத்தில் ஒட்டி, தன் பெயரையும் தேதியையும் போட வேண்டும். ஆய்வாளர் தன் பெட்டியிலிருந்து இரண்டு திருத்தச் சீட்டை எடுத்தாள். பேனாவைத் திறந்தவள் ஒரு நிமிஷம் யோசித்து, சீட்டையும் பேனாவையும் பசையக்காவின் பக்கம் தள்ளினாள்.

"என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்கதான் எழுதணும். நீங்க எழுதுங்க. கீழ உங்க பேரு."

பதினோராயிரம் தாளைத் தொட்ட கை ஒரு சின்னச் சீட்டின் முன்னால் தயங்கியது. முதலில் ஒரு வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்தாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். அப்புறம் சீட்டில், கொஞ்சம் கோணலாக:

'காகிதம் மாற்றும்போது இரண்டு மடிப்புகளை ஒன்றாகத் திறந்ததால் எண் 417, 418 செடிகள் இடம் மாறின. தவறு காகிதம் மாற்றியவருடையது. சேகரித்தவரின் குறிப்பில் தவறு இல்லை.'

கீழே பெயர். அதன் கீழே தேதி. அடுத்த சீட்டிலும் அதையே எழுதினாள். பசை காய்ச்சி, இரண்டையும் தானே ஒட்டி, மேலே மணல் பை வைத்தாள். ஒன்றில் பூப்போட்ட துணி, ஒன்றில் பள்ளிச் சீருடை.

*

வெள்ளிக்கிழமை காலையில் நம்பர் கோலை ஊன்றிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார். யாரும் அழைக்கவில்லை. மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறினார், எண்ணிக்கொண்டேதான் ஏறியிருப்பார். பசையக்கா மணல் பையை எடுத்துவிட்டு இரண்டு தாளையும் அவர் முன்னால் வைத்தாள். அவர் திருத்தச் சீட்டைப் படித்தார். நீலப்பூவின் மேல் படாமல் உள்ளங்கையைத் தாளின் ஓரத்தில் வைத்தார்.

"இப்பத்தான் இது பறிச்ச இடத்துக்குப் போச்சு," என்றார்.

அப்புறம் மறுபடி சீட்டைப் படித்தார். அவள் கேட்டாள், எழுத்து கோணலா இருக்கா என்று. இருக்கு என்றார். இனி அவள் தப்பைத் தைரியமாகச் சொல்லலாம் என்று நினைத்திருப்பார் போல. நாத்தனாரும் கூட வந்திருந்தாள். பந்தயத்தில் யார் ஜெயித்தது என்பதற்கும் சீட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம், இடம் இருந்தது என்றாள்.

பசையக்கா அன்றைக்கு வழக்கம்போல் வேலை பார்த்தாள். தாள்களை அலமாரியில் வைத்துப் பூட்டினாள், மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பியபோது நம்பர் இன்னும் போகவில்லை. வாசலில் காவலாளியின் பெஞ்சில் கோலை முழங்காலில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். காவலாளி புதுசு, மூன்று மாதம்தான் ஆகிறது. அவள் தூணுக்கு இந்தப் பக்கம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்ததை இருவரும் பார்க்கவில்லை.

முப்பது வருஷத்தில் யாரிடமும் தன் மலையைப் பற்றிக்கூடப் பீற்றிக்கொள்ளாத மனுஷன் காவலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேல பதினாலாம் அலமாரியில எங்க வீட்டு அம்மா பேரு இருக்கு. ரெண்டு தாள்ல. ஒருநாள் போய்ப் பாரு தம்பி."

"அப்படியா? என்ன பண்ணினதுக்குண்ணே?"

"தப்பு பண்ணினதுக்கு," என்றார் நம்பர். சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.